உங்க ஷேர் யார் கையில இருக்கு?

போன மாசம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், முதல் சம்பளம் வந்த மறுநாள், டீக்கடைல வச்சு கேட்டான்: "அண்ணா, ஷேர் வாங்கலாம்னு இருக்கேன். எந்த ஆப்ல புரோக்கரேஜ் கம்மி?" நானும் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரிதான் உறைச்சுது. என் பெரியப்பா 1980-களில் ஷேர் வாங்கினவர். அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். அவர் கவலை வேற: "காசைக் கொடுத்தா இந்த புரோக்கர் ஷேரைக் கண்ணுல காட்டுவாரா?"

ரெண்டு கேள்விக்கும் நடுவுல ஒரு பெரிய கதை இருக்கு. அது ஒரு ஆலமரத்தடியில தொடங்குது.

1850-கள், பம்பாய். டவுன் ஹாலுக்கு எதிரே, இன்னைக்கு ஹார்னிமன் சர்க்கிள் இருக்கிற இடத்துல, ஒரு ஆலமரம். அதுக்குக் கீழே ஒரு சின்னக் கும்பல் வங்கிப் பங்குகளையும் பருத்தி ஆலைப் பங்குகளையும் கைமாத்திவிட்டு கமிஷன் வாங்கிட்டு இருந்தாங்க. அலுவலகம் இல்ல, விதிமுறை இல்ல, வாய் வார்த்தைதான்.

1861-ல் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வெடிச்சது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயிட்டிருந்த பருத்தி நின்னு போச்சு. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை என்ன விலை சொன்னாலும் வாங்கின. பம்பாய்ல பணம் கொட்டுச்சு. கொட்டின பணத்துக்கு எங்கயாவது போகணுமே? தினம் ஒரு புதுக் கம்பெனி. அதுல உச்சம், கடலைத் தூர்த்து நிலம் எடுக்கப்போறதா சொன்ன பேக் பே ரெக்ளமேஷன் கம்பெனி. 5,000 ரூபாய் கட்டின பங்கு 50,000 வரை போச்சு. 1860-ல் 60 பேரா இருந்த புரோக்கர்கள், ரெண்டு மூணு வருஷத்துல 200-ஐத் தாண்டிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. நிறைய பேர் பங்கை உண்மையிலேயே வாங்கவே இல்ல. "1865 ஜூலை 1-ம் தேதி இந்த விலைக்கு எடுத்துக்கறேன்"னு ஒப்பந்தம் மட்டும் போட்டாங்க. கையில காசு வேண்டாம். புரோக்கருக்கோ ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கமிஷன். 1865 ஏப்ரல்ல போர் முடிஞ்சது. பருத்தி விலை சரிஞ்சது. ஜூலை 1 வந்தப்போ யார்கிட்டயும் பணம் இல்ல. அந்தக் காலத்தின் ராஜா பிரேம்சந்த் ராய்சந்தே திவால். பங்குகளை அடமானமா வாங்கிக் கடன் கொடுத்திருந்த பாங்க் ஆஃப் பம்பாயும் மூழ்கிப் போச்சு. மும்பை யுனிவர்சிட்டில ராஜாபாய் டவர் பார்த்திருக்கீங்களா? பிரேம்சந்த் கொடுத்த பணத்துல, அவங்க அம்மா பேர்ல எழும்பினது.

அடிபட்ட புரோக்கர்கள் 1875-ல் சேர்ந்து ஒரு சங்கம் வச்சாங்க. 318 பேர், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அதுதான் இன்னைக்கு பிஎஸ்இ. ஆனா பாருங்க, அது புரோக்கர்களுக்காக புரோக்கர்கள் வச்ச சங்கம். வாங்குறவனுக்கு அங்க நாற்காலி கிடையாது.

நடுவுல நூறு வருஷத்தை ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்றேன், ஏன்னா வாங்குறவன் நிலைமை பெருசா மாறல. என் பெரியப்பா மெட்ராஸ்ல செகண்ட் லைன் பீச் பக்கம் இருந்த ஒரு புரோக்கருக்கு போன் போடுவார். என்ன விலைக்கு வாங்கினாருன்னு புரோக்கர் சொன்னாத்தான் தெரியும். மறுநாள் பேப்பர்ல அன்னைக்கு அதிகபட்சம், குறைந்தபட்சம் மட்டும் இருக்கும். "நான் வாங்கினா அன்னைக்கு உச்ச விலை, வித்தா அடிமட்ட விலை. முப்பது வருஷமும் அதே ராசி"ன்னு சிரிப்பார்.

அப்புறம் காகிதம். ஷேர் சர்டிபிகேட், டிரான்ஸ்ஃபர் ஃபார்ம், ஸ்டாம்ப், எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு அனுப்பணும். வித்தவரோட கையெழுத்து ஒத்துப் போகலைன்னா திரும்பி வந்துடும். இதுக்கு 'பேட் டெலிவரி'ன்னு பேரு. ஒரு தடவை அவர் வாங்கின 50 பங்கு இப்படித் திரும்பி வந்து, மறுபடி சரியாகறதுக்குள்ள கம்பெனி போனஸ் பங்கு அறிவிச்சிடுச்சு. போனஸ் பழைய ஓனர் வீட்டுக்குப் போச்சு. காசு கொடுத்தவர் புரோக்கர் ஆபீஸ் படி ஏறி இறங்கினதுதான் மிச்சம்.

1992-ல் ஹர்ஷத் மேத்தா கதை உங்களுக்குத் தெரியும், வெப் சீரிஸ் பார்த்திருப்பீங்க. அதுவும் அடிப்படையில காகிதக் கதைதான். பத்திரம் என்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்ற வங்கி ரசீதை நம்பி பணம் போச்சு, பின்னாடி பத்திரமே இல்ல.

அதுக்கப்புறம் நடந்த ரெண்டு மாற்றங்களைத்தான் ஒரு இன்ஜினியரா நான் ரொம்ப ரசிக்கிறேன். 1994 நவம்பர்ல என்எஸ்இ ஷேர் வர்த்தகத்தைத் திரைக்குக் கொண்டு வந்தது. ஆர்டரை மெஷின் மேட்ச் பண்ணும். எத்தனை மணிக்கு, என்ன விலைக்குன்னு பதிவாகும். நம்ம பாஷைல சொன்னா, முதல் தடவையா ஒரு லாக் ஃபைல் வந்துச்சு. பெரியப்பாவோட 'ராசி' அன்னையோட முடிஞ்சது. 1996-ல் டெபாசிட்டரி சட்டம், அதே வருஷம் என்எஸ்டிஎல், 1999-ல் சிடிஎஸ்எல். காகிதம் போய், பங்கு உங்க பேர்லயே டீமேட் கணக்குல உட்கார்ந்தது. ஆர்டர் போடுறது புரோக்கர் வேலை, பங்கை வச்சிருக்கிறது டெபாசிட்டரி வேலை. அப்ளிகேஷன் வேற, டேட்டாபேஸ் வேற.

ஆனா அந்த டேட்டாபேஸோட அட்மின் பாஸ்வேர்டை நாமளே அப்ளிகேஷன் கையில கொடுத்துட்டோம். கணக்கு திறக்கும்போது கையெழுத்துப் போட்ட முப்பது பக்கத்துல 'பவர் ஆஃப் அட்டர்னி'ன்னு ஒண்ணு இருந்துச்சு. 2019 நவம்பர்ல கார்வி ஸ்டாக் புரோக்கிங் மேல செபி உத்தரவு போட்டப்போதான் பல பேருக்கு அது ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் பங்குகளைத் தன் கணக்குக்கு மாத்தி, அடகு வச்சு கடன் வாங்கியிருந்தாங்க. அடுத்த மாசம் 80,000-க்கும் அதிகமான பேருக்குப் பங்குகள் திரும்பக் கிடைச்சது. பங்கு யாரோடதுன்னு கணக்கு தனியா இருந்ததாலதான் அது முடிஞ்சது. இன்னைக்கு விக்கும்போது டிபின், ஓடிபின்னு உயிரை வாங்குதே, அந்தத் தொல்லைக்குப் பின்னாடி இப்படி ஒரு வரலாறு இருக்கு.

சரி, கட்டணத்துக்கு வருவோம். 2010-ல் பெங்களூர்ல ஜெரோதா தொடங்கினப்போ, எவ்வளவு பெரிய ஆர்டரா இருந்தாலும் 20 ரூபாய்னு வச்சாங்க. 2015-ல் டெலிவரி எடுக்கிற பங்குக்கு அதுவும் இல்ல. இது எனக்கும் லாபம்தான், மறுக்கல. ஆனா வாங்கி வச்சிட்டு சும்மா இருக்கிறவன்கிட்ட காசு வராதுன்னா, புரோக்கருக்கு காசு எங்கிருந்து வரும்? அடிக்கடி வாங்கி விக்கிறவன்கிட்ட இருந்து. முக்கியமா எஃப் அண்ட் ஓ. குறைஞ்ச காசுல, வருங்கால விலை மேல ஒப்பந்தம். 1865-ஐ மறுபடி ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல.

அந்தப் பையன்கிட்ட மறுபடி உட்கார்ந்து பேசினேன். மாசம் ஒண்ணு ரெண்டு தடவை வாங்கப் போறவனுக்கு ஆப்புக்கு ஆப்பு கட்டண வித்தியாசம் நாலு டீ காசுதான். அதை விடு. செபி பதிவு இருக்கான்னு பாரு. எஃப் அண்ட் ஓ பிரிவை ஆக்டிவேட் பண்ணாதே, வருமானச் சான்று கேட்டா கொடுக்காம விட்டுடு. முதல் ஒரு வருஷத்துக்கு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு ஒண்ணு போதும், அதுக்குள்ள நாலு ஆண்டறிக்கை படிச்சுப் பழகு. இது என் கருத்து, வேற மாதிரி சொல்றவங்களும் இருக்காங்க.

கடைசியா, "உன் டெபாசிட்டரில இருந்து மாசக் கணக்கு மெயில் வருதா?"ன்னு கேட்டேன். புரோக்கர் அனுப்புற மெயில் இல்ல, என்எஸ்டிஎல்லோ சிடிஎஸ்எல்லோ நேரடியா அனுப்புறது. வரவே இல்லைன்னான். போனை வாங்கித் தேடினோம். அவன் ஏற்கனவே ஆர்வக்கோளாறுல அஞ்சு பங்கு வாங்கியிருந்தான் போல. ரெண்டு ஆஃபர் மெயிலுக்கு நடுவுல, திறக்காமலே கிடந்துச்சு.