பிகாஞ்சிகம்

பிகாஞ்சிகம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடமேற்குக் காட்டில், பெரென்ஸ் ஆற்றின் போக்கில் அமைந்த பிகாஞ்சிகம் ஏரிக்கரையில் உள்ள ஒஜிப்வே பழங்குடியினரின் ஊர். ஒஜிப்வே மக்கள் தம்மை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்வர். ரெட் லேக் நகருக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள இங்கு 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஆண்டு முழுதும் விமானமும், கோடையில் படகும், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின்மேல் அமைக்கப்படும் பனிச்சாலையும் போக்குவரத்துக்கு உதவுகின்றன.

வரலாறு

மேற்கே வினிபெக் ஏரியில் கலக்கும் பெரென்ஸ் ஆறு, மென்மயிர்த் தோல் வணிகத்தின் படகுவழிகளுள் ஒன்று. குளிர்காலத்தில் குடும்பங்கள் தத்தம் வேட்டைப் பகுதிகளுக்குப் பிரிந்து சென்று பொறிவைத்து விலங்கு பிடித்தன. கோடையில் ஏரிக்கரையில் கூடி மீன்பிடித்தன. இவ்வாற்றுப் பகுதி மக்களோடு கனடா அரசு பிரித்தானிய அரசியின் பெயரில் 1875இல் நிலம் பற்றிய ஐந்தாம் உடன்படிக்கையைச் செய்தது. 1945 முதல் அரசு வழங்கிய குடும்பப்படியும், பின்னர் வந்த பள்ளியும் அலைந்து வாழ்ந்தோரை மெல்ல மெல்ல ஊரில் நிலைகொள்ளச் செய்தன. இம்மாற்றத்தை நேரில் ஆராய்ந்த மானிடவியலர் ஆர். டபிள்யூ. டன்னிங் 1959இல் அதை நூலாக வெளியிட்டார்.

காடும் மொழியும்

வசந்தத்தின் தொடக்கத்தில், காட்டுக்குள் பனி இன்னும் கிடக்கும்போதே, ஏரி, ஓடைகளின் கரையில் காய்ந்து நிற்கும் புல்லுக்குப் பெரியவர்கள் தீயிடுவது வழக்கம். உள்ளே கிடக்கும் பனியே தீ பரவாமல் தடுத்துவிடும். கரிந்த இடத்தில் தளிர்க்கும் புல் நீரெலிகளையும் வாத்துகளையும் ஈர்க்கும். எப்போது தீயிடலாம், எங்கே கூடாது என்பது தலைமுறைகளின் பட்டறிவு. அது கடத்தப்படுவது ஒஜிப்வே மொழியில். கனடாவில் பல பழங்குடி மொழிகள் முதியோர் நாவோடு நின்றுவிட்ட நிலையில், இங்கே குழந்தைகளும் தாய்மொழியிலேயே பேசி வளர்ந்தது பெருமைக்குரியது.

இன்னல்கள்

அடிப்படை வசதிகள் தாமதமாகவே வந்தன. பல வீடுகளுக்கு நெடுங்காலம் குழாய் நீர் இல்லை. 2007இல் பள்ளி எரிந்தது. புதிய கட்டடம் 2016இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் தற்காலிக அறைகளில் படித்தனர். 2006 முதல் 2008 வரை 16 இளையோர் தற்கொலை செய்துகொண்டதை ஆராய்ந்த ஒன்டாரியோ மரண விசாரணை அலுவலகம் 2011இல் அறிக்கை வெளியிட்டது. டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்த ஊர், 2018 டிசம்பரில் மாகாண மின்கட்டமைப்போடு இணைந்தது. 2019 மே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

நில நிர்வாகம்

இவ்வூர் மக்களின் மரபுவழி நிலமான, சுமார் 12 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள வைட்ஃபெதர் காட்டுக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டம், ஒன்டாரியோ அரசின் ஒத்துழைப்போடு 2006இல் உருவானது. மரம் வெட்டுதல், வேட்டை, பாதுகாப்பு ஆகிய அனைத்திலும் ஊர்ப் பெரியவர்களின் அறிவுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. குடிநீருக்கும் பள்ளிக்கும் பிறர் முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்த மக்கள், தம் காட்டைப் பற்றிய முடிவில் தம் சொல்லே முந்தி நிற்க வேண்டும் என்று இதன்வழி நிலைநாட்டினர்.