கிரகண நாளில் எழுதிய வரலாறு

கி.பி. 841ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் காலை. இன்றைய பிரான்சு நாட்டில், படை முகாம் ஒன்றில், ஒரு பிரபு இலத்தீன் மொழியில் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் தாமே வாளேந்தி நின்ற ஒரு போரைப் பற்றிய பகுதி அது. அவ்வேளையில் கதிரவனைக் கிரகணம் பிடித்தது. அவர் கதையைச் சற்றே நிறுத்தி, கிரகணத்தின் தேதி, கிழமை, பகலின் எந்த மணி, கதிரவன் இருந்த இராசி, தாம் இருந்த ஊர் ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் குறித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து போரைத் தொடர்ந்தார்.

இந்தப் பிரபுவின் பெயர் நித்தார்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்குப் பேரரசர் சார்லமேனின் மகள் வயிற்றுப் பேரன். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இவர்மீது பற்று ஏற்பட்டதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். ஆயிரத்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் சொல்வதை நாம் எப்படிச் சோதிப்பது? அரசர்கள் பேசியதைச் சோதிக்க வழியில்லை. வானத்தில் நடந்ததைச் சோதிக்கலாம்.

முதலில் அவருடைய குடும்பத்தைப் பார்ப்போம். சார்லமேன் தம் பெண்களைப் பிரிய மனமில்லாமல், ஒருத்தியையும் மணம் முடித்துக் கொடுக்காமல் அரண்மனையிலேயே வைத்திருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு கூறுகிறார். அப்பெண்களில் ஒருத்தி பெர்த்தா. அரசவையில் ஆங்கில்பர்ட்டு என்ற கவிஞர் இருந்தார். அவையினர் அவருக்கு 'ஹோமர்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தனர். பெர்த்தாவுக்கும் ஆங்கில்பர்ட்டுக்கும் திருமணம் நடக்கவில்லை. ஆனால் இரண்டு மகன்கள் பிறந்தனர். ஒருவர் ஹார்ட்னிட், மற்றவர் நம் நித்தார்டு. பேரரசரும் இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். வட பிரான்சில் சாந்தூலா என்ற ஊரிலிருந்த புகழ்பெற்ற மடத்துக்கு ஆங்கில்பர்ட்டையே தலைவராக்கினார். அவ்வூர் இன்று சேன் ரிக்கியே எனப்படுகிறது.

814ஆம் ஆண்டு சனவரியில் சார்லமேன் இறந்தார். அடுத்த மாதமே ஆங்கில்பர்ட்டும் இறந்தார். ஆட்சிக்கு வந்தவர் லூயி, பெர்த்தாவின் உடன்பிறந்தவர், நித்தார்டுக்குத் தாய்மாமன். அவர் பக்திமான். சகோதரிகளின் போக்குப் பிடிக்காமல் அவர்களை அரண்மனையை விட்டு வெளியேற்றினார். ஆனால் நித்தார்டுக்கு நிலங்கள் அளித்தார்.

840ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தெரிந்தது. சூன் 20இல் லூயி காலமானார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு மக்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதை நம் ஊர் அனுபவத்திலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

லூயியின் மூன்று மகன்கள் பேரரசுக்காக மோதிக்கொண்டனர். மூத்தவர் லோத்தேர், அடுத்தவர் தந்தையின் பெயரையே கொண்ட லூயி, இளையவர் மாற்றாந்தாய் மகன் சார்லசு. மூவருமே நித்தார்டுக்கு மாமன் மகன்கள். ஒருவர் பக்கம் நின்றால் மற்றவர் பகை. 840இல் சார்லசின் தூதராக நித்தார்டு லோத்தேரிடம் சென்றார். தம் பக்கம் வந்துவிடும்படி லோத்தேர் சொன்னார். நித்தார்டு மறுத்தார். தாய்மாமன் கொடுத்திருந்த நிலங்களை லோத்தேர் பறித்துக்கொண்டார்.

841 மே மாதத்தில், பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த சார்லசு, நடப்பவற்றை எழுதி வைக்கும்படி நித்தார்டைக் கேட்டுக்கொண்டார். சூன் 25இல் பர்கண்டியில் போந்தெனுவா என்னும் இடத்தில் பெரும் போர் மூண்டது. சார்லசும் இளைய லூயியும் வென்றனர். களத்தின் ஒரு பகுதியில் அடலார்டு என்ற பிரபுவின் படை நின்றது. அதற்குத் தாம் செய்த உதவி சிறிதன்று என்று நித்தார்டு குறிப்பிடுகிறார். அடலார்டின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கிரகண வாக்கியத்துக்கு வருவோம். தேதி அக்டோபர் 18, கிழமை செவ்வாய் என்கிறார். இதை எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கலாம். போந்தெனுவாவில் லோத்தேரின் படையில், அதாவது எதிரணியில், போரிட்ட ஒருவர் பாடிய இரங்கற்பாடல் ஒன்று கிடைத்துள்ளது. போர் நடந்த நாள் சனிக்கிழமை என்பது அதிலிருந்து தெரிகிறது. சூன் 25 முதல் அக்டோபர் 18 வரை 115 நாட்கள். ஏழால் வகுத்தால் 16 வாரமும் 3 நாளும். சனிக்குப் பின் மூன்றாம் நாள் செவ்வாய். தோற்றவரின் பாட்டும் வென்றவரின் வரலாறும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. நிலவின் இயக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டாலும் அதே நாளில் சூரிய கிரகணம் கிடைக்கிறது. (இத்தேதிகள் பழைய சூலியன் நாட்காட்டிப்படி அமைந்தவை. இன்றைய முறைக்கு நான்கு நாட்களைக் கூட்ட வேண்டும்.)

பின்னோக்கிக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கடல் ஓதங்களின் இழுப்பினால் பூமியின் சுழற்சி சிறிது சிறிதாகத் தளர்ந்து வருகிறது. அதனால் பூமியின் கடிகாரமும் சீரான கடிகாரமும் ஒத்துப் போவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேறுபாடு ஏறக்குறைய முக்கால் மணி. பூமி கால் சுற்றுச் சுற்ற ஆறு மணி ஆகிறது என்றால், முக்கால் மணியில் நிழல் விழும் இடம் எவ்வளவு தள்ளிப் போகும் என்று பாருங்கள். பழைய கிரகணக் குறிப்புகளைக் கொண்டுதான் விஞ்ஞானிகள் இந்தத் தளர்ச்சியை அளந்தார்கள். எழுதியவர்களுக்கு அப்படியொரு பயன் இருக்கும் என்று கனவிலும் தெரிந்திராது.

வாக்கியத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. தாம் இருந்த ஊர் சேன் குளூ என்றும், அது லுவார் ஆற்றின்மேல் உள்ளது என்றும் காண்கிறது. பாரிசை அடுத்த சேன் குளூ இருப்பதோ சேன் ஆற்றின் கரையில். நித்தார்டின் கையெழுத்துப்படி இன்று இல்லை. பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரே ஒரு பழைய படியை நம்பித்தான் நாம் இருக்கிறோம். எழுதியவர் கை தவறியதோ, படியெடுத்தவர் கை தவறியதோ, ஆற்றின் பெயர் மாறிப் போயிருக்கலாம். வானம் மாறவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் லோத்தேரின் படை சேன் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றது. வானம் தெளிந்திருந்தபோதே ஆற்றில் நீர் திடீரென்று ஏறியது என்று நித்தார்டு வியக்கிறார். கடவுள் தம் கட்சிக்குத் துணை நின்றதாக அவர் கருதினார். மேல்நாட்டில் பெய்த மழை கீழே வெள்ளமாக வருவது ஆற்றங்கரையில் வாழும் யாருக்கும் தெரியும். அவர் பார்த்தது சரி, சொன்ன காரணம் வேறு. தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு வால்மீன் தெரிந்ததாகவும், ஸ்ட்ராஸ்பர்க்கில் அரசர்கள் கூடிக் கலைந்தபின் அது மறைந்ததாகவும் எழுதுகிறார்.

அந்தக் கூட்டம் நடந்தது 842 பிப்ரவரி 14இல். சார்லசும் லூயியும் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்தனர். ஒருவர் படை மற்றவருக்குப் புரிய வேண்டுமே! செருமானிய மொழி பேசும் லூயி, பிரெஞ்சு மொழியின் மூதாதையான மக்கள் மொழியில் சத்தியம் செய்தார். சார்லசு செருமானிய மொழியில் செய்தார். நித்தார்டு இரண்டையும் இலத்தீனாக்கி மழுப்பாமல், சொன்னது சொன்னபடியே நூலில் பதித்தார். பிரெஞ்சு மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உரை அதுவே. பிரெஞ்சு மொழி வரலாறு படிக்கும் மாணவர்கள் முதலில் சந்திப்பது இந்தப் போர்வீரரைத்தான்.

கிரகணத் தேதி சரியாக இருப்பதால் நூல் முழுதும் நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன். குற்றமெல்லாம் லோத்தேர்மீதே விழுகிறது. அவர் தரப்பைக் கேட்க வேறிடம்தான் போக வேண்டும். ஆனால் நித்தார்டு அதை மறைக்கவும் இல்லை. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், தம் குலத்தைப் பற்றிய இழிசெய்தியைக் கேட்கவே நாணமாக இருக்க, அதை எழுதுவது எப்படி என்று தயங்குகிறார். தாம் விட்டுவிட்டால் வேறு யாராவது திரித்து எழுதிவிடுவார்கள் என்ற அச்சத்தினால்தான் மேலும் தொடர்கிறார்.

நான்காம் பகுதியில் குரல் கசந்துவிடுகிறது. 842 டிசம்பரில் சார்லசு எர்மென்ட்ரூடு என்ற பெண்ணை மணந்தார். அவள் அடலார்டின் மருமகள். அடலார்டின் செல்வாக்கினால் மக்கள் தம் பக்கம் சேர்வார்கள் என்ற எண்ணமே திருமணத்துக்குக் காரணம் என்று நித்தார்டு வெளிப்படையாக எழுதுகிறார். முன்பு பொதுச் சொத்தையெல்லாம் வாரி வழங்கும்படி மன்னர் லூயிக்கு ஆலோசனை கூறி நாட்டைக் கெடுத்தவர் இந்த அடலார்டே என்றும் சாடுகிறார். ஆம், போந்தெனுவாவில் இவர் உதவி செய்து காப்பாற்றிய அதே அடலார்டு!

இந்தப் பகுதியில்தான் தம் பிறப்பைப் பற்றியும் சொல்கிறார். 842 இலையுதிர் காலத்தில் நாடு முழுதும் நில நடுக்கம் உணரப்பட்டது. அதே நாளில் சாந்தூலாவில் தந்தையின் உடல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. இறந்து இருபத்தொன்பதாம் ஆண்டு, வாசனைப் பொருள் எதுவும் இடாதிருந்தும் உடல் அழியாதிருந்தது என்கிறார். அரசியலை விட்டுவிட்டு அப்பாவின் குலம், அம்மாவின் பெயர், அண்ணனா தம்பியா என்று நமக்குத் தெரியாத ஹார்ட்னிட்டின் பெயர் ஆகியவற்றை எழுதுகிறார். நில நடுக்கம் நேராதிருந்தால் இந்தக் குடும்பக் கதை நூலில் இடம்பெற்றிருக்குமோ என்னவோ!

நூலின் கடைசியில் மார்ச்சு 20ஆம் நாள் சந்திர கிரகணம் ஒன்றும், அன்றிரவு கொட்டிய பெரும்பனியும் வருகின்றன. ஆண்டு 843. இதையும் சோதிப்போம். 841 அக்டோபர் 18 முதல் அந்நாள் வரை 518 நாட்கள். அமாவாசைக்கு அமாவாசை 29.53 நாள். வகுத்தால் 17.54 வருகிறது. சூரிய கிரகணம் அமாவாசையில், சந்திர கிரகணம் பௌர்ணமியில். ஆகவே முழு எண்ணோடு அரையும் வந்தாக வேண்டும், வந்திருக்கிறது. நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஏறக்குறைய ஒரு நாள் வேறுபாடு தெரிகிறது.

பாட்டனார் காலத்தில் எல்லாரும் ஒரே வழியில் நடந்தார்கள், அமைதி இருந்தது, இயற்கையும் இணங்கி நின்றது. இன்று ஆளுக்கொரு வழி, இயற்கையும் எதிராகிவிட்டது. இப்படி நினைத்தவர், கொள்ளையும் அநீதியும் மலிந்த நாளில் பருவமும் கெட்டது என்று கூறி அத்துடன் நிறுத்திவிடுகிறார்.

தந்தையைப் போலவே நித்தார்டும் சேன் ரிக்கியே மடத்தின் தலைவரானார். 844ஆம் ஆண்டு வாக்கில் போர்க்களத்தில் இறந்தார். 11ஆம் நூற்றாண்டில் அந்த மடத்தின் வரலாற்றை எழுதிய ஹாரியுல்பு என்ற துறவி, ஆங்கில்பர்ட்டின் கல்லறையில் நித்தார்டின் உடல் கண்டெடுக்கப்பட்டதையும், உயிரைப் போக்கிய காயம் தலையில் அப்போதும் தெரிந்ததையும் குறிப்பிடுகிறார்.