சபையும் சங்கமும்: கொழும்புத் தமிழ் இளைஞர் வழிகாட்டலின் ஒரு நூற்றாண்டு

வழிகாட்டல், வாழ்க்கைத் திறன் பயிற்சி என்று இன்று அழைக்கப்படும் பணிகள் உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலத்தில் அரசசார்பற்ற நிறுவனங்களின் வழியாகவே இலங்கைத் தமிழரிடையே அறிமுகமாயின என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வழிகாட்டல் என்பது அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவருடன் நீண்டகாலத் தொடர்பு கொண்டு அவருடைய கல்வி, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றில் துணைநிற்பதாகும். வாழ்க்கைத் திறன் என்பது முடிவெடுத்தல், தொடர்பாடல், உணர்ச்சிகளைக் கையாளுதல் முதலியவற்றைக் குறிப்பதாக 1990களில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இச்சொற்கள் புதியவையாயினும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சபை, சங்கம், கழகம் என்ற பெயர்களில் இயங்கிய தன்னார்வ அமைப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இதற்கு நெருங்கிய பணியைச் செய்துவந்தன. அந்தப் பணி யாரைச் சென்றடைந்தது, யாரை விட்டுவிட்டது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் 19ஆம் நூற்றாண்டில் பல சமூகங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளாக இருந்தன. செட்டியார்களும் பரதவர்களும் வணிகத்தில் ஈடுபட்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் துறைமுகத்தில் சுமை தூக்கினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராக அமர்ந்தனர். புனித லூசியா பேராலயமும் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் கத்தோலிக்க இளைஞருக்குக் கல்வியையும் ஒழுங்கமைந்த சமூக வாழ்வையும் வழங்கின. 1857இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோவில் சைவர்களுக்கு வழிபாட்டு மையமாக இருந்தபோதிலும், ஊரைவிட்டு வந்து தனித்து வாழ்ந்த இளைஞர்கள் மாலைப் பொழுதில் கூடிப் படிப்பதற்கும் பேசுவதற்கும் உரிய இடத்தைக் கோவிலால் மட்டும் தர இயலவில்லை.

அக்காலத்தில் இத்தகைய இடத்துக்கு ஒரு முன்மாதிரி கிறித்தவ உலகிலிருந்து வந்தது. 1844இல் இலண்டனில் தொடங்கிய கிறித்தவ வாலிபர் சங்கம், தொழில் நகரங்களுக்கு வேலை தேடி வந்த இளைஞரைக் கருதி நிறுவப்பட்டது. அதன் கிளை 1882இல் கொழும்பில் ஏற்பட்டது. பௌத்தர் 1898இல் தமக்கென இளைஞர் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1897 ஜனவரி 15ஆந் தேதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர் மறுநாள் இங்கே ஆற்றிய உரை, மேலைநாட்டிலிருந்து திரும்பியபின் அவர் நிகழ்த்திய முதற் பொதுச் சொற்பொழிவாக அமைந்து, கொழும்புச் சைவ இளைஞரிடையே ஊக்கத்தை ஏற்படுத்தியது. அவர் மறைந்த 1902ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் விவேகானந்த சபை தோன்றியது. இன்று கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா மேட்டில் இயங்கும் இச்சபை, நாடெங்குமுள்ள மாணவர்களுக்குச் சைவ சமய பாடப் பரீட்சைகளை நடத்தியதனால், தலைநகரின் எல்லைக்கு அப்பாலும் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ் என்ற இந்த முறை, வசதி குறைந்த கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் இச்சபைகளின் முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினரே. வறியவரை நேரடியாகக் கருத்திற்கொண்ட முயற்சி பொன்னம்பல முதலியாரின் மகனாகிய சேர் பொன்னம்பலம் அருணாசலத்திடமிருந்து வந்தது. குடிசார் சேவையில் உயர்பதவிகள் வகித்து ஓய்வுபெற்ற அவர், 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவி, கொழும்பின் ஏழைகளுடைய கல்வி, மருத்துவம், சேமிப்புப் பழக்கம் ஆகியவற்றில் படித்தவர்களை ஈடுபடச் செய்தார். 1919இல் அவர் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கத்தின் செயலாளராகப் பெரி. சுந்தரம் பொறுப்பேற்றார். மலையகத் தோட்டச் சூழலில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பிய அவ்விளைஞரை, நாட்டின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் தம் அருகில் வைத்துப் பொதுப்பணியில் பழக்கினார். பெரி. சுந்தரம் 1931இல் அரசாங்க சபையின் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். மூத்தவர் ஒருவரின் நம்பிக்கை, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த திறமையாளருக்கு எவ்வாறு வாயிலைத் திறக்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான சான்றாகும். ஆயினும், பட்டப்படிப்பை ஏற்கெனவே முடித்திருந்த ஒருவருக்குக் கிடைத்த அந்த வாயில், துறைமுகக் கூலியின் மகனுக்கு அவ்வாறு திறக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நடுத்தர வகுப்பினர் காலி வீதி வழியே தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்தபோது வெள்ளவத்தை இரண்டாவது மையமாக உருவெடுத்தது. அங்கே இயங்கிய நூற்பு நெசவு ஆலையில் சிங்களத் தொழிலாளருடன் இந்தியத் தொழிலாளரும் பெருந்தொகையாகப் பணிபுரிந்தனர். 1933இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தலைமை தாங்கினர். ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், ஆலைத் தொழிலாளி இளைஞன் தொழிற்சங்கத்தின் வழியாகவும் எழுதுவினைஞரின் மகன் சமய, மொழிச் சங்கங்களின் வழியாகவும் பொதுவாழ்வைக் கற்றனர் என்பதும், இவ்விரு பாதைகளும் அரிதாகவே சந்தித்தன என்பதும் வெள்ளவத்தை வரலாற்றின் முக்கிய உண்மைகளாகும்.

சமய, மொழிச் சங்கங்களின் பாதையில் சுவாமி விபுலானந்தரின் இடம் தனித்துவமானது. காரைதீவில் 1892இல் பிறந்த அவர், கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவர்; துறவு பூண்டபின் 1925இல் இலங்கை திரும்பி, கிழக்கு மாகாணத்தில் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். அவற்றோடு ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லங்களும் சேர்ந்தே இயங்கியமையால், படிப்பு, உறைவிடம், ஒழுக்கப் பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் தரும் முறை உருவாயிற்று. அந்த மிஷனின் இலங்கைத் தலைமையகம் வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண வீதியில் அமைந்து, ஞாயிறு சமய வகுப்புகளின் மூலம் கொழும்புப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக ஈர்த்தது. பெண்களே முன்னின்று நடத்திய சைவ மங்கையர் கழகம் வெள்ளவத்தையில் பெண்பிள்ளைகளுக்கெனச் சைவ மங்கையர் வித்தியாலயத்தை ஏற்படுத்தியது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், 57ஆம் ஒழுங்கையில் நூலகமும் மண்டபமும் கொண்ட நிலையான இல்லமாக வளர்ந்தது.

மற்றொரு சிறுபான்மையினரான முஸ்லிம்களிடையே ஏ. எம். ஏ. அஸீஸ் இதே காலத்தில் வேறொரு கருவியைப் பயன்படுத்தினார். 1945இல் அவர் தொடக்கிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதி, திறமையிருந்தும் வசதியற்ற மாணவர்க்குப் பண உதவி அளித்தது. 1950இல் அவர் அமைத்த அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை, ஊர்தோறும் இருந்த இளைஞர் சங்கங்களை ஒருங்கிணைத்தது. பணமும் வழிகாட்டலும் இணைந்தே செல்ல வேண்டும் என்ற அவரது கருத்து, தமிழ்ச் சங்கங்கள் முழுமையாக எட்டாத ஒன்றாகும்.

சுதந்திரத்துக்குப் பின் இச்சங்கங்களின் முன்னிருந்த பணி கடினமாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் இளைஞரின் அரச வேலைவாய்ப்பைக் குறுக்கியது. எழுதுவினைஞராவதற்கு ஆயத்தப்படுத்துவதே வழிகாட்டல் என்ற பழைய இலக்கு இதனால் பொருளிழந்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியும் 1979இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தை அமைத்தும் அரசு இத்துறையில் நுழைந்தது. இதற்கிடையே, 1951இல் பம்பலப்பிட்டியில் பிள்ளையார் பாடசாலையாகத் தொடங்கிய இந்துக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் தமிழ்வழிக் கல்வியைத் தலைநகரில் நிலைநிறுத்தின.

1983 ஜூலையில் நடந்த வன்செயல்களில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாக மாறியது. பின்வந்த போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த இளைஞரும் கடைகளில் வேலை தேடி மலையகத்திலிருந்து வந்த சிறுவரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும், 'தோட்டம்' எனக் கொழும்பில் வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளிலும் நிறைந்தனர். பொலிஸ் பதிவு, அடையாள அட்டைச் சோதனை, திடீர்க் கைது ஆகியவற்றுக்கிடையே வாழ்ந்த இவர்களுக்குச் சட்ட உரிமையை அறிவதும் சிங்களத்தில் பதில் சொல்வதும் அன்றாட வாழ்க்கைத் திறன்களாயின. 2007 ஜூன் 7ஆந் தேதி லொட்ஜுகளில் தங்கியிருந்த சுமார் 375 தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் அந்த நிலையின் கடுமையைப் பதிவுசெய்கின்றன.

போருக்குப் பின் வந்த பயிற்சித் திட்டங்கள் கணினி, ஆங்கிலம், நேர்முகத் தேர்வு, போதைப்பொருள் தவிர்ப்பு ஆகியவற்றை முன்வைத்து, பழைய சபைகள் எட்டாத கடைச் சிப்பந்தியையும் தோட்டக் குடியிருப்பு இளைஞனையும் தேடிச் சென்றன. ஆனால் வெளியிலிருந்து வரும் நிதியை நம்பிய திட்டம், நிதியாண்டு முடிந்ததும் அவனைக் கைவிடுகிறது. சபைகளோ நூறாண்டு நிலைத்தும், படித்த குடும்பத்துப் பிள்ளையையே தம் உறுப்பினனாகக் கண்டன. ஒன்றின் நீடிப்பும் மற்றதன் பரப்பும் இணையாதவரை இரண்டும் அரைப்பணியே. மண்டபமும் நூலகமும் மூத்த உறுப்பினரும் கைவசம் உள்ள கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைச் சங்கங்கள், வார இறுதியில் விடுமுறை கிடைக்கும் கடைச் சிப்பந்தி இளைஞருக்குத் தம் கதவுகளை முறையாகத் திறப்பதே இந்த வரலாறு அவற்றின்மேல் சுமத்தும் கடமையாகும்.