புரானோத் தீவின் சாய்ந்த மணிக்கோபுரம்

சாய்ந்த கோபுரம் என்றவுடன் பீசா நகரே பலரது நினைவிற்கு வரும். 1173இல் தொடங்கப்பெற்ற அக்கோபுரத்தின் புகழ், இத்தாலியிற் சாய்ந்து நிற்கும் ஏனைய கோபுரங்களை முற்றாக மறைத்துவிட்டது. வெனிசு நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தொலைவில், கடனீரேரியின் நடுவே கிடக்கும் புரானோ என்னும் தீவின் சான் மார்த்தீனோ தேவாலயத்து மணிக்கோபுரமும் அவ்வாறு மறைக்கப்பட்டவற்றுள் ஒன்றாகும். படகிற் செல்வோர்க்குத் தீவின் வீடுகள் தெளிவாகு முன்னரே இக்கோபுரம் தோன்றும். அதன் சாய்வும் உடன்தோன்றும்.

தேவாலயம் 16ஆம் நூற்றாண்டினது. உள்ளே, தியெப்போலோ தம் இளமையில் வரைந்த சிலுவைப்பாட்டு ஓவியமொன்று உண்டு. அவ்வோவியத்தின் பொருட்டு மட்டுமே அங்கு செல்லலாம். மணிக்கோபுரமோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திரேயா திராலி என்னும் கட்டடக்கலைஞரால் இன்றைய உருவினைப் பெற்றது. உயரம் 53 மீற்றர். உச்சி, நேர்கோட்டிலிருந்து 1.83 மீற்றர் விலகியுள்ளது. அஃதாவது சாய்வு ஏறத்தாழ இரண்டு பாகை. பீசாவின் இன்றைய சாய்வில் அரைவாசியெனலாம். உச்சியில் நின்ற தேவதூதர் சிலை 1867இல் வீழ்ந்தபின், அவ்விடத்தில் இரும்புச் சிலுவை வைக்கப்பட்டது.

இச்சாய்வினைக் கட்டியோரின் தவறெனக் கொள்வது பொருந்தாது. கடனீரேரித் தீவுகளின் நிலம் ஆறுகள் கொணர்ந்த வண்டலும் களியுமாகும். அதில் மரக்கம்பங்களை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேற் பலகையும் கல்லும் பரப்பிக் கட்டடம் எழுப்புவதே வெனிசியர் மரபு. வீட்டின் பாரம் பரந்த பரப்பிற் பகிரப்படும். மணிக்கோபுரமோ பெரும்பாரத்தைச் சிறுபரப்பில் ஏற்றுவது. கீழுள்ள களி ஒருபுறம் சற்றே கூடுதலாக அமிழ்ந்தாலும் போதும், உச்சி விலகிவிடும். வெனிசிலேயே சாந்தோ ஸ்தேபானோ, சான் யோர்யோ தெய் கிரேச்சி ஆகியவற்றின் கோபுரங்களும் சாய்ந்தே நிற்கின்றன. இவற்றையெல்லாம் விட நிமிர்ந்து நின்ற சான் மார்க்கோ மணிக்கோபுரமே 1902ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி முற்றாக இடிந்து வீழ்ந்து, 1912இல் மீண்டும் எழுந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சேற்றின் வரலாறே இத்தீவுகளின் வரலாறுமாகும். அயலிலுள்ள தொர்ச்செல்லோ, 639ஆம் ஆண்டிலேயே பேராலயங் கண்ட செழிப்பான தீவு; பின்னர் வண்டலும் மலேரியாவும் அதனை வெறுமையாக்கின. புரானோ எஞ்சியது. ஆனால் எஞ்சியோர் செல்வரல்லர், மீனவர். அவ்வாறாயின் அவர்தம் தீவின் பெயர் ஐரோப்பிய அரசவைகள்வரை சென்றது எங்ஙனம்? அதற்குக் கோபுரம் காரணமன்று. பெண்களின் ஊசியே காரணம்.

யாழ்ப்பாணத்தில் நாம் 'றேந்தை' என வழங்கும் பொருளையே குறிப்பிடுகின்றேன். (அச்சொல் 'ரெண்டா' எனும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது.) துணியின் துணையின்றி வெறும் நூலாலேயே இழைக்கப்படும் வெனிசிய றேந்தையை இத்தாலியர் 'காற்றிலே தையல்' என்றனர். 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சுப் பிரபுக்கள் இதற்கெனச் செலவிட்ட பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்ட அமைச்சர் கோல்பேர், 1665இல் அரச றேந்தைத் தொழிலகங்களை நிறுவி, வெனிசியத் தொழிலாளரையே அங்கு வரவழைத்தார். வறிய பெண்களின் கைத்திறன் இரு அரசுகளின் போட்டிப் பொருளாயிற்று.

1797இற் குடியரசு வீழ்ந்தபின் இத்தொழிலும் தளர்ந்தது. 1872இன் கடுங்குளிர் மீன்பிடியை முடக்கித் தீவினரைப் பட்டினியில் ஆழ்த்தியபோதே, பவுலோ பம்ப்ரி, மார்ச்செல்லோ கோமகள் முதலியோர் றேந்தைப் பாடசாலையொன்றை ஆரம்பித்தனர். அப்போது பழைய நுணுக்கத்தை அறிந்திருந்தவர் செஞ்சா ஸ்கார்பரியோலா என்னும் மூதாட்டி ஒருவரே என்பர். அவரிடமிருந்து ஆசிரியை ஒருவர் கற்றுப் பிற பெண்களுக்குப் பயிற்றினார். அறம் என்று இதனைப் புகழ்வோர் பலர். ஆயின் ஒருத்தி ஒருவகைத் தையலையே வாழ்நாள் முழுவதும் செய்து, முழுப்பொருளையும் தானே ஆக்க இயலாத நிலையில் வேலை பகிரப்பட்டமையையும் வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். ஒரு துண்டு பல கைகள் மாறியே நிறைவுற்றது.

பாடசாலை 1970இல் மூடப்பட்டது. 1981 முதல் அக்கட்டடம் நூதனசாலையாக விளங்குகின்றது. கோபுரங் காணவருவோர் கடந்துசெல்லும் அதே சதுக்கத்திலேயே அது நிற்கின்றது. 1706இல் இத்தீவிற் பிறந்த இசையமைப்பாளர் கலுப்பியின் பெயரைச் சதுக்கம் தாங்கியுள்ளது. கோபுரத்தோடு திராலியின் பெயர் நிலைத்துள்ளது. பேழைகளிலுள்ள பழைய றேந்தைகளை இழைத்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை.