வாசற்காவலனும் விருந்தாளியும்

எங்கள் வேலம்பாளையத்தில் அடுத்த வீட்டு அம்மாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் மகனுக்கு 11 வயது. பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் பத்திரப்படுத்திய இன்சுலினை ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் ஊசி போட்டுக்கொள்கிறான். ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏனுங்ணா, கிட்னியெல்லாம் மாத்தி வெக்கறாங்களே, இவனுக்கு அப்படி ஒண்ணும் முடியாதுங்களா?"

கேள்வி பழையதுதான். 1893-ஆம் வருஷம் டிசம்பரில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், நீரிழிவால் சாகக் கிடந்த 15 வயதுப் பையனின் தோலுக்கடியில் ஆட்டுக் கணையத்தின் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பையன் இறந்துபோனான். 1922-ல் டொராண்டோவில் இன்சுலின் ஊசி வந்தது, சாவு தள்ளிப்போயிற்று. 1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோதும், இத்தகைய குழந்தைகளுக்கு அந்த ஊசிதான் கதி.

பிறர் உறுப்பை உடம்பு ஏன் ஏற்பதில்லை? யுத்தத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டிய அயலார் தோல் அழிந்துபோவதை ஆராய்ந்த பீட்டர் மெடவார், 1940-களில் காரணம் கண்டார். நம் ரத்தத்தில் ஒரு காவற்படை இருக்கிறது. கம்பெனி வாசலில் அட்டை பார்க்கும் வாட்ச்மேனைப் போல அது ஒவ்வொரு செல்லையும் சோதிக்கிறது. அந்நியன் என்றால் கொன்றுவிடுகிறது. இந்தப் பையன் உடம்பிலோ, அது சொந்த வீட்டு இன்சுலின் செல்களையே அந்நியரென்று எண்ணி அழித்துவிட்டது!

2000-ல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழுவினர், இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த செல்களை ஏழு பேருக்குச் செலுத்தினார்கள். ஏழு பேருமே அப்போது ஊசியை விட்டார்கள். ஆனால் காவலனை மருந்தால் எப்போதும் அடக்கியே வைக்கவேண்டும்; அவன் அடங்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுக்குள் ஊசிக்கே திரும்பினார்கள்.

2025-ல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வந்த செய்தி வேறு விதம். காவலனை அங்கே தொடவில்லை; விருந்தாளியை மாற்றினார்கள். செல்களின் அடையாளங்களை மரபணுத் திருத்தத்தால் நீக்கினார்கள். அடையாளமே இல்லாதவனைப் பிடிக்கவும் ஒரு படை உண்டல்லவா? அதற்காக, 'என்னைத் தொடாதே' என்று சொல்லும் புரதம் ஒன்றைச் செல்களில் கூட்டினார்கள். 42 வயதுக்காரர் ஒருவரின் முன்கைத் தசையில் வைத்த அந்தச் செல்கள், அடக்கும் மருந்து இல்லாமலே, 12 வாரம் கழிந்தும் பிழைத்து இன்சுலின் சுரந்தன. அளவு சொற்பம், அவரும் ஊசியை விட முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்து, "வழி தெரிஞ்சிருக்குது அம்மிணி, வண்டி இன்னும் வரலை" என்றேன்.

"வர்ற வரைக்கும் ஊசியை விடாம இருந்தாப் போதுங்களா?"

"அதுதான் முக்கியம்."

உள்ளே பையன் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.