வாக்காளர் வயதும் 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலும்

இலங்கையின் தேர்தல் வரலாற்றை ஆராய்ந்தோர் இனம், சாதி, சமயம், வர்க்கம் ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தை வயதுக்கு அளித்தாரல்லர். எனினும், 1970ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது மட்டும் வயது முதன்மை பெறுகின்றது. தெரிவு செய்யப்பட்ட 151 உறுப்பினருள் 116 பேரை ஐக்கிய முன்னணி பெற்ற அவ்வெற்றியை இளைஞர் அளித்த வெற்றியெனக் கூறுவது வழக்கமாயிற்று. இக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதை வாக்குரிமை எல்லையாக விதந்துரைத்தது. ஆயினும், 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது இருபாலார்க்கும் 21 வயதே எல்லையாயிற்று. 1959இல் இவ்வெல்லை 18ஆகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியா 1969இலும் ஐக்கிய அமெரிக்கா 1971இலும் இந்தியா 1989இலுமே இந்நிலையை எய்தின என்பதை நோக்குமிடத்து, இம்மாற்றத்தின் முன்னோடித் தன்மை புலனாகும். ஆனால், இவ்விரிவு எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1947இல் 3,048,145ஆக இருந்த பதிவு பெற்ற வாக்காளர் தொகை 1952இல் 2,990,912ஆகக் குறைந்தமைக்கு இதுவே காரணமாகும். ஆகவே, 'இளைய வாக்காளர்' என்று கூறும்போது தோட்டப்புறத்து இளைஞருட் பெரும்பாலோர் அதனுள் அடங்கார் என்பதை மறத்தலாகாது.

வயதெல்லை குறைந்தமை ஒருபுறமாக, குடித்தொகையின் அமைப்பும் மாறிக்கொண்டிருந்தது. 1946ஆம் ஆண்டளவில் மேற்கொள்ளப்பட்ட மலேரியா ஒழிப்பு முயற்சியையடுத்து, ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் ஓராண்டுக்குள் 14 அளவுக்கு வீழ்ச்சியுற்றது. 1946இல் 66 இலட்சமாயிருந்த குடித்தொகை 1963இல் 105 இலட்சத்தைத் தாண்டியது. அக்காலத்திற் பிறந்து பிழைத்த குழந்தைகள் 1965ஆம் ஆண்டளவில் வாக்காளராயினர். 1960இல் 3,724,507ஆக இருந்த வாக்காளர் தொகை 1965இல் 4,710,887ஆகவும் 1970இல் 5,505,028ஆகவும் உயர்ந்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 17.8 இலட்சம் பேர் கூடியுள்ளனர். இது 1970ஆம் ஆண்டு இடாப்பின் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே குறைவாகும். இடைக்காலத்தில் இறந்தோரின் பெயர்கள் நீங்கியமையால், புதிய வாக்காளர் தொகை இதனினும் மிக்கிருந்திருத்தல் வேண்டும்.

இத்தலைமுறை 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனைப் பெற்றது, தாய்மொழியிற் கற்றது. கல்வி விரிந்த அளவுக்குத் தொழில் வாய்ப்பு விரியவில்லை. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கை வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய தொழிலுக்கும் இடையிலான முரண்பாட்டையே தன் அறிக்கையின் மையமாகக் கொண்டது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணிக்கு ஆதரவளித்த மக்கள் விடுதலை முன்னணியும் இத்தகைய கிராமப்புற இளைஞரையே பெரிதும் அணிதிரட்டியிருந்தது.

இவை யாவும் மேற்கூறிய கருத்துக்கு வலுச் சேர்ப்பனவே. ஆயினும், அதனை முழுமையாக ஏற்பதற்குத் தடைகள் உள. முதலாவதாக, வாக்களிப்பு இரகசியமானது; முடிவுகள் வயதுவாரியாக வெளியிடப்படுவதில்லை. இரண்டாவதாக, 1965இல் 39.3 சதவீத வாக்குகளுடன் 66 ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, 1970இல் 37.9 சதவீத வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களையே வென்றது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்றதோ 36.9 சதவீதம், ஆசனங்கள் 91. ஆசன வேறுபாட்டின் பெரும்பகுதி, சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகளுடனான போட்டித் தவிர்ப்பு உடன்பாட்டினாலும் தொகுதிவாரித் தேர்தல் முறையினாலும் விளைந்ததாகும். மூன்றாவதாக, 1966இன் இறுதியிற் குறைக்கப்பட்ட பங்கீட்டு அரிசியின் இரண்டாவது கொத்தை மீண்டும் வழங்குவதாக அளிக்கப்பட்ட வாக்குறுதி, இளைஞரை மட்டுமன்றி எல்லா வயதினரையும் ஈர்த்தது. நான்காவதாக, வாக்காளர் தொகை பெரிதும் கூடிய 1965இலே முதலிடம் பெற்றது ஐக்கிய தேசியக் கட்சியே.

எனவே, இளைஞர் இடதுசாரிகளின் நிலையான ஆதரவாளர் என்ற முடிவுக்கு ஆதாரமில்லை. சிறு வாக்கு வேறுபாடும் பல தொகுதிகளைக் கைமாறச் செய்யும் ஒரு முறையிலே, கட்சிப் பிணைப்பு உறுதிப்படாத பெருந்தொகையான புதிய வாக்காளர் ஆளுங்கட்சி மீதான அதிருப்தியின் விளைவைப் பெருக்கியிருத்தல் கூடும் என்பதே பொருத்தமான முடிவாகும்.

பின்னர் நிகழ்ந்தவை இதனை அரண்செய்கின்றன. தேர்தல் முடிந்து ஓராண்டு நிறையுமுன்னர், 1971 ஏப்பிரலில், தென்னிலங்கை இளைஞர் தாம் ஆதரித்த அரசாங்கத்துக்கெதிராகவே ஆயுதமேந்தினர். பல்லாயிரவர் உயிரிழந்தனர். வடக்கிலே, பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் இளைஞரை வேறொரு திசையிற் செலுத்தியது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றியது. தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியாயிற்று. ஏழாண்டு இடைவெளியில் இரு சமூகங்களின் இளைஞரும் 1970ஆம் ஆண்டு அரசாங்கத்திடமிருந்து விலகியிருந்தனர்.

2022ஆம் ஆண்டு மக்கள் கிளர்ச்சியின் பின்னர், 2024 நவம்பர்த் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றபோதும் 'இளைஞர் வெற்றி' என்ற தொடர் மீண்டும் ஒலித்தது. அதனையும் இதே எச்சரிக்கையுடன் நோக்குதல் தகும். 18 வயதினரிடம் வாக்குச் சீட்டைக் கொடுத்த அரசு, அவர்க்குத் தொழிலையும் சமவாய்ப்பையும் கொடுக்கத் தவறியபோது யாது நிகழ்ந்தது என்பதே 1970ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.