நம் ஊர்ப் பெயரில் ஒரு மீத்தேன் திட்டம்



வெளியூரில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். 2010இல் மன்னார்குடி என்ற பெயரிலேயே மீத்தேன் எடுக்க இடம் ஒதுக்கினார்கள். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர். நம் வயலுக்கு அடியில், ஆழத்தில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதிலுள்ள வாயுவை நீரின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீரை இறைத்துக் கொட்டினால்தான் வாயு மேலே வரும். குறுவைக்கு போர் தண்ணீரை நம்பும் சம்சாரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? (அழுத்தம் பாடத்தில் தூங்கியவர்களுக்கும் அன்று புரிந்துவிட்டது!)

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதைத்தான். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானார். 2015இல் மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது. 2020இல் வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. அப்படியும் 2023இல் நம் பக்கத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நீக்கினார்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.